இணையச் செய்தியில் பிழை கண்டால் திருத்தக் கோருவது எப்படி?

இணையத்தில் வெளியான செய்தியை எந்த நேரத்திலும் சத்தமின்றி மாற்றிவிட முடியும் என்பதால், பிழையைக் கண்டவுடன் தலைப்பும் வெளியான நேரமும் தெரியும்படி ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பிறகு, தவறான வாக்கியத்தை அப்படியே எடுத்தெழுதி, சரியான தகவலையும், அரசாணை, தீர்ப்பு போன்ற மூல ஆவணத்தையும் இணைத்து, ஆசிரியர் குழுவுக்கு மின்னஞ்சல் அனுப்புங்கள். நிருபரைத் திட்டி சமூக ஊடகத்தில் பதிவிடுவதை நான் பரிந்துரைக்க மாட்டேன்; அது பிழையையே மேலும் பரப்பும்.

'தி இந்து' ஆங்கில நாளிதழ் 2006-இல் ‘ரீடர்ஸ் எடிட்டர்’ என்ற பொறுப்பை ஏற்படுத்தியது. அத்தகையவர் இருக்கும் நிறுவனமானால் அவருக்கே எழுதுவது நல்லது. வாசகர் தரப்பிலிருந்து புகாரை ஆராய்வதே அவர் பணி. செய்தியைத் திருத்தினால் மட்டும் போதாது, எது, எப்போது திருத்தப்பட்டது என்ற குறிப்பும் அதன் கீழே இடம்பெற வேண்டும் என்று தயங்காமல் கேளுங்கள்.