தியானத்தில் எழும் உடல் உணர்வுகளைக் கையாள்வதும் ஒலிப்பதிவுடன் பழகுவதும்

கண்களை மூடி அமர்ந்து பத்துப் பதினைந்து நிமிடங்கள் ஆனதும் பலருக்கு உடலில் ஏதேனும் ஒன்று நிகழத் தொடங்குகிறது. மடியில் வைத்த கைகள் பருத்துவிட்டதுபோல் தோன்றும். உடல் ஒரு பக்கம் சாய்ந்துவிட்டதென எண்ணிக் கண் திறந்து பார்த்தால் நேராகத்தான் இருக்கும். நெற்றியில் எறும்பு ஊர்வது போன்ற குறுகுறுப்பு, முதுகில் ஏறும் சூடு, திடீரெனத் தூக்கிவாரிப் போடுதல், காரணமின்றி வழியும் கண்ணீர் என ஆளுக்கு ஆள் இது வேறுபடும். அஞ்சிப் பயிற்சியையே விட்டுவிடுவோரும் உண்டு. குண்டலினி எழுந்துவிட்டது என்று மகிழ்ந்து நாள்தோறும் அந்த உணர்வையே தேடி அமர்வோரும் உண்டு. இரண்டுமே அவசர முடிவுகள். முதலில் உடலிலேயே காரணத்தைத் தேட வேண்டும்.

அசையாமல் இருக்கும்போது தசைகளிலிருந்தும் மூட்டுகளிலிருந்தும் மூளைக்குப் புதிய செய்தி அதிகம் செல்வதில்லை. கை எங்கே முடிகிறது, தொடை எங்கே தொடங்குகிறது என்பதை மூளை அச்செய்திகளைக் கொண்டே அறிவதால், அவை மங்கும்போது உடலின் எல்லை கரைவதும் உறுப்புகள் பெருத்தோ சிறுத்தோ தோன்றுவதும் இயல்பு. விரலை மெல்ல அசைத்தால் பெரும்பாலும் மறைந்துவிடும். மனம் அமைதியடையும்போது தோலின் இரத்த நாளங்கள் விரிவதால் உள்ளங்கை வெதுவெதுப்பாகிறது. தூக்கிவாரிப் போடுவது பெரும்பாலும் உறக்கத்தின் வாசலில் நிகழ்வது என்பதால், அது அடிக்கடி வந்தால் இரவுத் தூக்கம் போதுமா என்று பார்க்க வேண்டும். உதட்டைச் சுற்றியும் விரல் நுனிகளிலும் ஊசி குத்துவது போலிருந்தால், தேவைக்கு மேல் ஆழமாகவோ வேகமாகவோ மூச்சு விடுகிறோம் என்று கொள்ளலாம். இரத்தத்தில் கரியமில வாயு குறைவதே அதற்குக் காரணம். மூச்சை அதன் போக்கில் விட்டால் சில நிமிடங்களில் சரியாகிவிடும்.

காதுக்குள் கேட்கும் ரீங்காரத்தைப் பலர் தெய்வீக நாதமாகக் கருதுகிறார்கள். 1953ஆம் ஆண்டு ஹெல்லர், பெர்க்மன் என்ற இரு ஆய்வாளர்கள் கேள்விக் குறைபாடு இல்லாத 80 பேரை ஒலி புகாத அறையில் அமர்த்தியபோது, அவர்களில் ஏறத்தாழ 94 விழுக்காட்டினர் ஏதோ ஓர் ஒலி கேட்டதாகக் கூறினர். வெளியொலி அடங்கினால் கேட்கும் அவ்வொலிக்குப் பொருள் தேட வேண்டியதில்லை.

கால் மரத்துப்போவதை மட்டும் பொறுத்துக்கொள்ளக் கூடாது. அது நரம்பு அழுத்தப்படுவதன் அடையாளம். வஜ்ராசனத்தில் நெடுநேரம் அமர்வோர் சிலருக்குப் பாதத்தை மேலே தூக்க முடியாத நிலைகூட ஏற்பட்டதுண்டு. இடுப்பு முழங்காலைவிடச் சற்று உயர்ந்திருக்கும்படி மடித்த போர்வை ஒன்றின்மீது அமரலாம். நாற்காலியில் அமர்வதால் தியானத்தின் தரம் எவ்வகையிலும் குறைந்துவிடாது.

ஓர் உணர்வு எழும்போது உடனே கண் திறக்காமல், தாடை இறுகியிருக்கிறதா, தோள்கள் உயர்ந்திருக்கின்றனவா, மூச்சு இயல்பாக இருக்கிறதா என்று முதலில் கவனியுங்கள். பிறகு அது எந்த இடத்தில் இருக்கிறது, சூடா துடிப்பா அழுத்தமா, கூடுகிறதா குறைகிறதா என்று நான்கைந்து மூச்சு நேரம் பாருங்கள். அதன் பின் வலிந்து விரட்டாமலும் பிடித்து வைக்காமலும் மூச்சுக்குத் திரும்பிவிடுங்கள். தாங்க முடியாத அளவுக்கு அது வலுத்தால், கண்களைத் திறந்து பாதங்களைத் தரையில் ஊன்றி, எதிரே தெரியும் பொருள்களைப் பார்த்தபடி இருப்பது நல்லது.

இந்த அணுகுமுறை புதியதன்று. காஞ்சிபுரத்தில் தங்கியிருந்ததாகத் தம் உரைநூல் ஒன்றின் இறுதியிலேயே குறிப்பிடும் பௌத்த உரையாசிரியர் புத்தகோசர், ஐந்தாம் நூற்றாண்டில் எழுதிய விசுத்திமக்கம் என்னும் பௌத்தப் பயிற்சி நூலில், தியானத்தில் பிறக்கும் பூரிப்பை மயிர்க்கூச்செறிவு, மின்னல் போன்ற கணநேரத் துடிப்பு, அலையலையாக வந்து மோதுவது, உடல் மேலெழுவது, உடலெங்கும் பரவுவது என ஐந்தாக வகுத்திருக்கிறார். இவ்வுணர்வுகளைக் கண்டு முன்னோர் திகைக்கவில்லை. பெயரிட்டு, வரிசைப்படுத்தி, மேலே நடந்தார்கள்.

ஆயினும் எல்லாவற்றையும் இயல்பு என்று ஒதுக்கிவிடலாகாது. லிண்டால், பிரிட்டன் ஆகியோர் 2017இல் வெளியிட்ட ஆய்வு, பௌத்த தியானம் பழகிய மேலைநாட்டவர் சந்தித்த சிக்கல்களை 59 வகைகளாகத் தொகுத்தது. அச்சம், தூக்கமின்மை முதலியவையும் அவற்றில் அடங்கும். நெஞ்சில் அழுத்தம், கைக்கோ தாடைக்கோ பரவும் வலி, ஒரு பக்கம் வலுவிழத்தல், பேச்சுக் குழறல், மயக்கம், வலிப்பு ஆகியவற்றுள் எது வந்தாலும் அது தியான அனுபவம் என்று காத்திருக்காமல் 108ஐ அழையுங்கள். பல இரவுகள் தூக்கம் வராவிட்டாலோ, அமராத வேளையிலும் உடல் தனதில்லை என்ற உணர்வு நீடித்தாலோ, யாரோ பேசுவது கேட்டாலோ பயிற்சியை நிறுத்திவிட்டு மனநல மருத்துவரைப் பாருங்கள். இந்தியாவில் 14416 என்ற இலவச எண்ணிலும் பேசலாம். வலிப்பு நோயோ தீவிர மனநோயோ உள்ளவர்கள் நீண்ட முகாம்களில் சேரும் முன்பே மருத்துவரிடம் கேட்பது அவசியம்.

இனி ஒலிப்பதிவுகளைப் பார்ப்போம். தியான ஆசிரியர் கோயங்கா வழிவந்த பத்து நாள் விபாசனா தியான முகாம்களில், அவர் 2013இல் மறைந்த பின்னும் அவரது பதிவுசெய்த குரலே வழிநடத்துகிறது என்பதால், பதிவின் துணையோடு பழகுவதில் தாழ்வு ஏதுமில்லை. ஆனால் எந்தப் பதிவையும் முதல் முறை கண் திறந்தபடியே முழுவதும் கேட்டுப் பாருங்கள். வேகமாக மூச்சுவிடச் சொல்வதையும், "இப்போது உங்கள் நெற்றியில் ஒளி தோன்றுகிறது" என்பதுபோல் அனுபவத்தை முன்கூட்டியே அறிவிப்பதையும் தொடக்கத்தில் தவிர்ப்பதே நல்லது. எதிர்பார்ப்பே உணர்வை உண்டாக்கிவிடும், பிறகு எது உடலிலிருந்து வந்தது, எது சொல்லிலிருந்து வந்தது என்று பிரித்தறிய இயலாது. பத்து முதல் பதினைந்து நிமிடம் ஓடுவதும் வாக்கியங்களுக்கிடையே தாராளமாக மௌனம் விடுவதுமான பதிவு போதும். அப்படி ஒன்று கிடைக்காவிட்டால் செல்போனில் உங்கள் குரலிலேயே பதிவு செய்துகொள்ளலாம்: ஒரு வாக்கியம், பிறகு ஐந்தாறு மூச்சளவு அமைதி, அடுத்த வாக்கியம்.

இரு காதுகளிலும் சற்றே வேறுபட்ட சுரங்களை ஒலிக்கும் பதிவுகள் இப்போது ஏராளமாக உள்ளன. ஒரு காதில் 200 ஹெர்ட்ஸும் மறுகாதில் 210 ஹெர்ட்ஸும் ஒலித்தால், நொடிக்குப் பத்து முறை அதிரும் ஒலியை மூளையே உருவாக்கிக்கொள்கிறது. ஆகவே ஹெட்போன் இல்லாமல் அப்பதிவுகளைக் கேட்பதில் பயனில்லை. அவை மனத்தை அடக்கும் என்பதற்கான சான்றுகள் ஒருமித்தவையாக இல்லை. தலையில் பாரமோ தள்ளாட்டமோ தோன்றினால் அப்பதிவை விட்டுவிட்டு, ஒருநாள் மௌனமாக அமர்ந்து ஒப்பிட்டுப் பாருங்கள்.

காதை அடைக்கும் இயர்போனை அணிந்தால் நம் மூச்சும் விழுங்கும் ஒலியும் பெரிதாகக் கேட்டுச் சிலரைக் கலவரப்படுத்தும். சில அடி தள்ளி வைத்த சிறு ஸ்பீக்கரே போதுமானது. பேச்சு புரியும் அளவுக்கு மட்டும் ஒலியை வையுங்கள். பயிற்சி நிலைபெற்ற பின், முதல் ஐந்து நிமிடம் குரல், மீதி நேரம் மௌனம், இறுதியில் ஒரு மணியோசை என்று பதிவைக் குறைத்துக்கொண்டே வரலாம். மணி ஒலித்ததும் துள்ளி எழாமல், விரல்களை அசைத்து, கால்களை நீட்டி, ஒரு நிமிடம் கழித்து எழுங்கள். நெடுநேரம் அமர்ந்தபின் சட்டென்று எழுந்தால் இரத்த அழுத்தம் தாழ்ந்து தலை சுற்றக்கூடும். இரத்த அழுத்தத்துக்கு மாத்திரை உட்கொள்பவர்கள் சுவரையோ நாற்காலியையோ பிடித்துக்கொண்டே எழ வேண்டும்.