பைக் ஏற்ற மூடிய வண்டி வாங்கப் போகிறீர்களா? இந்தத் தவறுகளைச் செய்யாதீர்கள்

வேலூர் பக்கம் பைக் ஏற்றிப்போக மூடிய வண்டி தேடுபவர்கள் இப்போது அதிகமாகிவிட்டார்கள். இருங்காட்டுக்கோட்டை பந்தய டிராக்குக்குப் போகிற பசங்க, பழைய வண்டியைப் புதுப்பித்து விற்கிறவர்கள், இதையே தொழிலாக எடுத்துச் செய்ய நினைப்பவர்கள் என்று எல்லாரும் வந்து கேட்பது ஒன்றுதான்: "அண்ணா, குட்டி யானை போதுமா, பெரிய பிக்கப் எடுக்கணுமா?" அதற்கு மேல் யாரும் யோசிப்பதில்லை. இந்தத் தொழிலில் நாங்கள் பட்டதையே அப்படியே திரும்பப் படுகிறார்கள், பார்த்துக்கொண்டு சும்மா இருக்க மனசு வரவில்லை. டயரைப் பார், இன்ஜின் சத்தத்தைக் கேள் என்பதெல்லாம் உங்களுக்கே தெரியும், அதை விட்டுவிடுகிறேன்.

நீளத்தை மட்டும் அளப்பது

குட்டி யானை என்கிற டாடா ஏஸ் கோல்டின் தொட்டி 2200 மி.மீ. நீளம், 1490 மி.மீ. அகலம். ராயல் என்ஃபீல்டு கிளாசிக் 350 பைக்கின் நீளம் 2145. மிச்சம் 55 மி.மீ., மூன்று விரல் அகலம்தான், அதிலும் மேலே கூண்டு கட்டும்போது சட்டமும் தகரமும் கொஞ்சம் தின்றுவிடும். அப்புறம் ஹேண்டில்பார். கிளாசிக்குக்கு அது 785 மி.மீ., இரண்டு வண்டியை ஒரே திசையில் பக்கத்துப் பக்கத்தில் நிறுத்தினால் 1570 ஆகிறது, தகரத்தில் இடிக்கும். ஒன்று முன்னால் பார்க்க, இன்னொன்று பின்னால் பார்க்க நிறுத்தினால்தான் சரிவரும். ஹிமாலயன் 450 என்றால் 2245 மி.மீ., ஏஸில் நேராக நிற்கவே நிற்காது. உங்கள் பைக்கையே ஓட்டிக்கொண்டுபோய் உள்ளே ஏற்றிப் பார்த்துவிட்டு விலை பேசுங்கள்.

தரை வளையத்தை நம்புவது

இதைப் பற்றித்தான் அதிகம் சொல்ல வேண்டும், ஏனென்றால் இன்னைக்கும் நிறைய மூடிய வண்டிகளில் இதையே பார்க்கிறேன், பார்க்கும்போதெல்லாம் கோபம் வருகிறது.

பைக்கைக் கட்ட, தரையில் இரும்பு வளையம் வைத்துக் கொடுப்பார்கள். மேலிருந்து பார்த்தால் பளபளவென்று இருக்கும். ஆனால் அது எதில் பிடித்திருக்கிறது? பாதிக்கு மேற்பட்ட வண்டிகளில் வெறும் ப்ளைவுட்டில், நாலு ஸ்க்ரூவில். காட்பாடி பக்கத்துத் தம்பி ஒருவர் புதிதாகக் கூண்டு கட்டி எடுத்துவந்தபோது வளையம் தாங்குமா என்று நான் பட்டறைக்காரரிடமே கேட்டேன். "யானையையே கட்டலாம் அண்ணே" என்றார். தம்பியும் நம்பிவிட்டார்.

அடுத்த மாதமே ஒரு வாடிக்கையாளரின் பழைய யமஹா ஆர்எக்ஸ் 100 வண்டியையும் ஒரு புல்லட்டையும் ஏற்றிக்கொண்டு சென்னைக்குக் கிளம்பினார். வாலாஜா டோலுக்கு முன்னால் ஒரு லாரி திடீரென்று நிற்க, இவரும் பிரேக்கை மிதித்தார். போன் வந்து நான் போய்க் கதவைத் திறந்தபோது பெட்ரோல் வாடை முகத்தில் அடித்தது. புல்லட் சாய்ந்து ஆர்எக்ஸ் மேல் கிடந்தது. பெல்ட் அறுந்திருக்கவில்லை, கொக்கியும் வளைந்திருக்கவில்லை. பெல்ட் நுனியில் வளையம் தொங்கியது, வளையத்தோடு நாலு ஸ்க்ரூவும், அதன் மரையில் சுற்றிய ப்ளைவுட் நாரும். ஆர்எக்ஸ் 100 வருவது 1996-லேயே நின்றுபோனது, அந்த அசல் டேங்குக்கு எங்கே போவது? பட்டறை கைகழுவியது, தம்பி தன் கைக்காசைப் போட்டுத் தீர்த்தார்.

கணக்கு ரொம்ப எளிது. 195 கிலோ பைக், அவசரமாகப் பிரேக் போடும்போது தன் எடையில் பாதிக்கு மேல் பலத்தோடு முன்னால் தள்ளும். அதற்கு முன்பே, பெல்ட்டை இறுக்கிய நிமிடத்திலிருந்து அந்த வளையத்தை மேலே இழுத்துக்கொண்டேதான் இருக்கிறது. பூந்தமல்லி வரைக்கும் குழியும் திருப்பமுமாக இருக்கிற சாலையில் ஆடி ஆடி ஸ்க்ரூ கொஞ்சம் கொஞ்சமாகத் தளரும். வெளியே ஒன்றுமே தெரியாது.

அதனால் வண்டிக்கு அடியில் படுத்துப் பாருங்கள். வளையத்தின் போல்ட் தரையைத் துளைத்துக் கீழே வந்து, சேசிஸின், அதாவது வண்டியின் அடிச்சட்டத்தின், குறுக்குச் சட்டத்திலோ அதோடு சேர்த்து வெல்டு வைத்த தகட்டிலோ நட்டு போட்டு முடுக்கியிருக்க வேண்டும். கீழே நட்டு தெரியவில்லையென்றால் அந்த வளையம் இல்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள். கூண்டு கட்டும்போதே கேட்டால் பட்டறையில் அரை நாள் வேலைகூட இல்லை. அதைக் கேட்காமல் ஸ்டிக்கருக்கும் எல்ஈடி விளக்குக்கும் காசு கொடுக்கிறார்கள்.

கட்டும் விதமும் இதோடு சேர்ந்ததுதான். ஹேண்டில்பார் நுனியில் பெல்ட்டைப் போடாதீர்கள், முன்சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க் குழாய் இரண்டையும் சேர்த்துப் பிடிக்கிற பட்டையில் போட்டு இரண்டு பக்கமும் சாய்வாக இழுங்கள். முன் சஸ்பென்ஷன் பாதி அமுங்கினால் போதும். முழுக்க அமுக்கிக் கட்டினால் ஆயில் சீல் போய்விடும். சைடு ஸ்டாண்டில் நிற்கவைத்துக் கட்டவே கூடாது.

கதவை அளக்காமல் விடுவது

உள் உயரம் ஆறடி இருக்கும், கதவுச் சட்டத்துக்குக் கீழே அவ்வளவு இருக்காது. பைக்கைத் தள்ளிக்கொண்டு நீங்களும் கூடவே உள்ளே போக வேண்டும்.

குட்டை ரேம்ப்

பைக்கை ஏற்றச் சாய்த்து வைக்கிற பலகைதான் ரேம்ப். வண்டியின் தரை இரண்டரை அடி உயரம் என்றால் ஐந்தடி ரேம்ப் 30 டிகிரி ஏறும், எட்டடி ரேம்ப் 18 டிகிரிதான். குட்டையாக இருந்தால் விளிம்பில் இன்ஜின் அடி தட்டும். மழையில் இறக்கும்போது ஆளும் சறுக்குவார்.

வெயிலை மறப்பது

நம்ம ஊர் கத்திரியில் 40 டிகிரிக்கு மேல் போகும்போது தகரக் கூண்டுக்குள் எப்படி இருக்கும் என்று சொல்லவே வேண்டாம். காற்றுப் போக மேலே ஒரு ஜன்னல் வைத்துவிட்டு முடிந்தது என்கிறார்கள். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது, கீழேதான் தங்கும். தரையை ஒட்டியும் இரண்டு பக்கமும் துளைத் தகடு வையுங்கள். டேங்க்கை நிரப்பி ஏற்றாதீர்கள்.

எடை

ஆர்.சி.யில் மொத்த எடையிலிருந்து வெற்று எடையைக் கழியுங்கள். கூண்டின் எடையையும் சேர்த்துக் கழித்தால் மிஞ்சுவதுதான் நீங்கள் ஏற்றக்கூடிய எடை.

காருக்குப் பின்னால் இழுக்கும் டிரெய்லர்

வெளிநாட்டு வீடியோ பார்த்து ஆசைப்படுகிறார்கள். நன்றாகச் செய்தால் நல்ல பொருள்தான். ஆனால் டிரெய்லரின் மொத்த எடையில் 10 முதல் 15 சதவீதம் காரோடு இணைக்கிற கொக்கி மேல் உட்கார வேண்டும், இல்லையென்றால் நெடுஞ்சாலையில் வால் ஆட ஆரம்பிக்கும். பைக்குகளைப் பின்பக்கமாகத் தள்ளி நிறுத்தினால் அதுதான் நடக்கும். ஏலகிரியின் 14 வளைவுகளில் இழுத்துக்கொண்டு போவதாக இருந்தால் டிரெய்லருக்குத் தனி பிரேக் இல்லாமல் நினைத்துக்கூடப் பார்க்காதீர்கள்.

ஆர்.சி.யைப் படிக்காமல் அட்வான்ஸ் கொடுப்பது

திறந்த பாடி என்று பதிவான வண்டியில் கூண்டு கட்டி விற்பார்கள். மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவின்படி இந்த மாதிரி மாற்றம் ஆர்.சி.யில் ஏற வேண்டும், இல்லையென்றால் விபத்து நடக்கும்போது இன்சூரன்ஸ்காரர் முதலில் பிடிப்பது இதைத்தான். "அப்புறம் மாத்திக்கலாம்" என்று விற்பவர் சொன்னால், மாற்றிக் கொண்டுவாருங்கள், அப்போது பணம் தருகிறேன் என்று சொல்லுங்கள்.