வங்கி முடங்கினால் 5 லட்சத்தைக் கைக்குக் கொண்டுவருவது எப்படி

1906-இல் சென்னையில் ஆர்பத்நாட் கம்பெனி என்ற தனியார் வங்கி கவிழ்ந்தபோது, பணம் போட்டவர்களுக்குக் காப்பு என்று எதுவும் இல்லை. மறு ஆண்டே நகரத்தாரும் முதல் போட்டு இந்தியன் வங்கி எழுந்தது. ஆனால் வங்கி முடங்கினால் வைப்பாளருக்கு ஒரு வரம்பு வரை பணம் தரும் வைப்புக் காப்பீடு வர 1962 ஆயிற்று. அதற்கும் 1960-இல் கேரளத்தின் பாலாய் சென்ட்ரல் வங்கி மூழ்க வேண்டியிருந்தது. 2020-இல் வரம்பு 1 லட்சத்திலிருந்து 5 லட்சமானது. 2021 திருத்தம் கெடுவும் வைத்தது: ரிசர்வ் வங்கி பணம் எடுக்கத் தடை போட்டால் 90 நாளுக்குள் காப்பீட்டுப் பணம் வரவேண்டும். வேறு வங்கியோடு இணைக்கும் ஏற்பாடு நடந்தால் மட்டும் இன்னும் 90 நாள் வரை தள்ளலாம்.

முதலில், பணம் இருப்பது வங்கியில்தானா என்று பாருங்கள். மாவட்ட மத்தியக் கூட்டுறவு வங்கிக்குக் காப்பீடு உண்டு. ஊரில் இருக்கும் தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கத்துக்குக் கிடையாது. நிதி, சீட்டு, ஃபைனான்ஸ் எதற்கும் கிடையாது. நம் பக்கத்தில் பலர் ஏமாறுவது இங்கேதான்.

அடுத்து, கூட்டிப் பாருங்கள். கணக்கு வங்கிக்குத்தான், கிளைக்கு அல்ல. ஒரே வங்கியில் காரைக்குடிக் கிளையில் 4 லட்சம், தேவகோட்டைக் கிளையில் 3 லட்சம் என்றால் மொத்தம் 7, காப்பு 5-க்குத்தான். வட்டியும் இதற்குள் அடக்கம்: முதல் 4,80,000, வட்டி 28,000 என்றால் 8,000 வெளியே நிற்கும். கூட்டுக் கணக்குக்குத் தனி வரம்பு உண்டு. பெயர் வரிசை மாறினாலும் தனிதான்: ஐயா பெயர் முதலில் உள்ள கணக்குக்கு ஒரு 5 லட்சம், ஆச்சி பெயர் முதலில் உள்ளதற்கு இன்னொரு 5 லட்சம். அதே வங்கியில் நகைக்கடன் பாக்கி இருந்தால் அதைக் கழித்துக்கொள்ள வங்கிக்கு உரிமை உண்டு.

தடை வந்தவுடன் கிளைக்குப் போய், காப்பீட்டுப் பணம் வேண்டும் என்று தெரிவிக்கும் விருப்பப் படிவம் கொடுங்கள். ஆதார், பான், பணம் போய்ச் சேரவேண்டிய வேறு வங்கிக் கணக்கின் விவரம் வேண்டும். வங்கி 45 நாளுக்குள் வைப்பாளர் பட்டியலை ரிசர்வ் வங்கியின் கீழுள்ள வைப்புக் காப்பீட்டுக் கழகத்துக்கு அனுப்பியாக வேண்டும். அடுத்த 30 நாள் சரிபார்ப்பு, பிறகு 15 நாளில் பட்டுவாடா. கடைசி வாரம் வரை காத்திருக்காதீர்கள்.

சிக்குவது பெரும்பாலும் பெயரில். பாஸ்புக்கில் 'அ.ராம.சித.' என்று விலாசம், அதாவது பெயருக்கு முன் வரும் குடும்ப முன்னெழுத்துகள், நீளும். ஆதாரில் ஒற்றை எழுத்து இருக்கும். சுவீகாரம் போனவர்களுக்கு விலாசமே மாறியிருக்கும். இதை வங்கி நன்றாக இருக்கும்போதே கேஒய்சி (வாடிக்கையாளர் அடையாள விவரம்) புதுப்பித்துச் சரிசெய்துவிட வேண்டும். சிங்கப்பூர், மலேசியாவில் இருக்கும் பிள்ளைகள் கூட்டுக் கணக்கில் இருந்தால், அவர்கள் ஊருக்கு வரும்போதே இந்த வேலையை முடித்துக்கொள்ளுங்கள்.

5 லட்சத்துக்கு மேற்பட்ட தொகை, வங்கி மீண்டாலோ கலைப்பு அதிகாரி சொத்துகளை விற்றாலோதான் வரும், அதுவும் முழுதாக வரும் என்ற உறுதி இல்லை. வைப்பு ரசீது அசலை யாரிடமும் கொடுத்துவிடாதீர்கள், நகல் போதும். காப்பீட்டுப் பிரீமியத்தை வங்கியே கட்டுகிறது. வாங்கித்தருகிறேன் என்று கமிஷன் கேட்பவரை வாசலோடு அனுப்பிவிடுங்கள்.