உப்புக்காற்றில் நிற்கும் காருக்குச் செராமிக் கோட்டிங்: நன்மை, தீமை, செய்முறை

மண்டபத்திலோ பாம்பனிலோ இரவு முழுவதும் வெளியே நின்ற காரின் பானட்டை விடியற்காலையில் விரலால் தடவினால், பிசுபிசுப்பான ஈரம் விரலில் ஒட்டும். நாக்கில் வைத்தால் கரிக்கும். வெயில் ஏறியதும் அந்த ஈரம் காய்ந்து, மங்கலான வெண்படலமாகப் பெயின்ட்டின் மேல் படிந்துவிடும். தென்மேற்கிலிருந்து கச்சான் காற்று வீசும் மாதங்களில் மன்னார் வளைகுடாவும், வடகிழக்கிலிருந்து வாடை வீசும் மாதங்களில் பாக் நீரிணையும் மாறி மாறி உப்பை அனுப்புவதால், இராமநாதபுரம் கடற்கரையில் நிற்கும் வண்டிக்கு ஆண்டில் ஒரு மாதமும் ஓய்வில்லை.

இந்த நிலையில், செராமிக் கோட்டிங் போட்டால் துருவே பிடிக்காது என்று யாராவது சொன்னால் நம்பத்தான் தோன்றும். ஆனால் அது உண்மையன்று. கோட்டிங்கால் பயன் உண்டு. அந்தப் பயன் துருவைத் தடுப்பதில் இல்லை, கழுவுவதை எளிதாக்குவதில் இருக்கிறது. நம் ஊரில் அது நிலைத்து நிற்பது புட்டியின் விலையைவிட நீங்கள் கழுவும் தண்ணீரையே பெரிதும் சார்ந்திருக்கிறது. முதன்முறையாக இதைச் செய்ய நினைப்பவர்கள் அதை மனத்தில் வைத்துக்கொண்டு படிக்க வேண்டும் என்று விரும்புகிறேன்.

கோட்டிங் என்பது என்ன?

காரின் நிறத்துக்கு மேலே கிளியர் கோட் என்ற நிறமற்ற அடுக்கு ஒன்று இருக்கிறது. அதன் தடிமன் பொதுவாக 40 முதல் 50 மைக்ரான் வரை இருக்கும். செராமிக் கோட்டிங் என்பது சிலிக்கா சார்ந்த ஒரு திரவம். அதைப் பூசியதும் காற்றிலுள்ள ஈரத்தோடு வினைபுரிந்து, கிளியர் கோட்டின் மேல் இறுகிப் பிடித்துக்கொள்கிறது. இறுகிய பிறகு அதன் தடிமன் ஏறக்குறைய 1 அல்லது 2 மைக்ரான்தான். தலைமுடி ஒன்றின் தடிமன் சுமார் 70 மைக்ரான் என்பதை வைத்துப் பார்த்தால், எவ்வளவு மெல்லிய படலத்துக்கு நாம் பணம் கொடுக்கிறோம் என்பது விளங்கும்.

2025 ஏப்ரலில் திறக்கப்பட்ட புதிய பாம்பன் ரயில் பாலத்துக்குப் பாலிசிலாக்சேன் என்ற சிலிக்கான் வகைப் பூச்சு அடிக்கப்பட்டிருக்கிறது. வேதியியலில் அது நம் கோட்டிங்குக்குத் தூரத்து உறவு. ஆனால் அது இரும்பையே காப்பதற்காகப் பூசப்பட்டது. காரில் நாம் பூசுவதோ ஏற்கெனவே பெயின்ட் அடித்த வெளிப்பரப்பின் மேல் மட்டும். கடலோரக் காரில் துரு தொடங்கும் இடங்கள் வேறு: கதவின் அடிமடிப்பு, சக்கர வளைவின் உட்புறம், அடித்தட்டு, கல் தெறித்துப் பெயின்ட் உதிர்ந்த புள்ளி. அங்கெல்லாம் இந்தத் திரவம் எட்டாது. காற்றின் ஈரப்பதம் ஏறத்தாழ 75 விழுக்காட்டைத் தாண்டினால் உப்பு தானாகவே ஈரத்தை இழுத்துக் கரையத் தொடங்கும் என்பதால், மடிப்புகளில் தங்கிய உப்பு மழையே இல்லாத இரவிலும் இரும்பை அரித்துக்கொண்டிருக்கும்.

'9எச் கடினம்' என்ற விளம்பரத்தையும் சரியாகப் புரிந்துகொள்ள வேண்டும். அது பென்சில் முனையால் கீறிப் பார்க்கும் சோதனையின் அளவு. கனிமங்களின் கடினத்தைக் குறிக்கும் மோஸ் அளவுகோல் வேறு. கடற்கரை மணலில் மிகுந்திருக்கும் குவார்ட்ஸ் மோஸ் அளவில் 7. தனுஷ்கோடியிலிருந்து திரும்பிய காரின் மேல் காய்ந்த துணியை வைத்துத் துடைத்தால், எந்தக் கோட்டிங் போட்டிருந்தாலும் கீறல் விழும்.

நம் கரையில் கிடைக்கும் நன்மையும் வரும் தொல்லையும்

நன்மை என்று நான் உறுதியாகச் சொல்வது, உப்பும் மணலும் பெயின்ட்டோடு இறுக ஒட்டிக்கொள்வதில்லை என்பதுதான். கோட்டிங் போட்ட பானட்டில் குழாய்த் தண்ணீரை விட்டாலே பெரும்பகுதி அழுக்கு வழிந்துவிடும். தேய்ப்பது குறைவதால் கீறலும் குறைகிறது. பறவை எச்சம் பெயின்ட்டைத் தின்னத் தொடங்குவதற்கு முன் சற்றுக் கூடுதல் நேரம் கிடைக்கிறது. அடர்நிறக் காரில் பளபளப்பு நன்றாகத் தெரியும்.

தொல்லை தண்ணீரில் இருக்கிறது. கோட்டிங் போட்ட பரப்பில் தண்ணீர் பரவாமல் முத்து முத்தாக நிற்கும். பார்க்க அழகாக இருக்கும். ஆனால் அந்த முத்து உவர்ப்பான போர் தண்ணீராக இருந்தால், வெயிலில் சுருங்கச் சுருங்க அதிலுள்ள சுண்ணமும் உப்பும் ஒரே புள்ளியில் குவிந்து, வட்ட வட்டமான வெள்ளைக் கறையாக இறுகிவிடும். கோட்டிங் போட்ட முதல் மாதத்தில் என் கருநீலக் காரை வீட்டுப் போர் தண்ணீரில் கழுவிவிட்டு, துடைக்காமல் சாப்பிடப் போய்விட்டேன். திரும்பி வந்து பார்த்தபோது பானட் முழுவதும் அம்மைத் தழும்பு போல வட்டங்கள். அவற்றில் சில வினிகருக்கும் போகாமல் பாலிஷ் போட்டுத்தான் போயின. பாலிஷ் போட்ட இடத்தில் கோட்டிங்கும் போய்விட்டது.

செலவையும் சொல்லிவிடுகிறேன். கடையில் செய்தால் காரின் அளவையும் பாலிஷ் வேலையையும் பொறுத்து ஏறக்குறைய 10,000 முதல் 40,000 ரூபாய் வரை ஆகும். நீங்களே செய்தால் புட்டிக்கும் துணிகளுக்கும் சில ஆயிரம் ரூபாயோடு, இரண்டு முழு நாள் உழைப்பு வேண்டும். நிழற்கொட்டகையும் நல்ல தண்ணீரும் இருப்பவர்கள், காரை இன்னும் நான்கைந்து ஆண்டு வைத்திருக்கப் போகிறவர்கள் தாராளமாகச் செய்யலாம். தெருவில் நிறுத்தி உவர்நீரில் கழுவுகிறவர்களுக்கு, மூன்று மாதத்துக்கு ஒருமுறை சாதாரண வாக்ஸ் போடுவதே மேல். மிச்சமாகும் பணத்தை அடித்தட்டுக்கான துருத்தடுப்புப் பூச்சுக்குச் செலவிட வேண்டும்.

படி 1: தண்ணீரைச் சோதித்தல்

தண்ணீரில் கரைந்திருக்கும் உப்புகளின் அளவைக் காட்டும் டிடிஎஸ் மீட்டர் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. காவிரிக் கூட்டுக் குடிநீர், போர் தண்ணீர், விலைக்கு வாங்கும் நல்ல தண்ணீர் என உங்களுக்குக் கிடைக்கும் ஒவ்வொன்றையும் ஒரு டம்ளரில் எடுத்து அளந்து பாருங்கள். 150க்குக் கீழே காட்டும் தண்ணீர் கடைசி அலசலுக்கு ஏற்றது என்பது என் கணக்கு. 500க்கு மேல் காட்டினால், அதை மண்ணை அடித்துத் தள்ளுவதற்கு மட்டும் பயன்படுத்தி, காய்வதற்குள் நல்ல தண்ணீரால் அலசிவிட வேண்டும். ஆர்ஓ இயந்திரம் தள்ளும் கழிவுநீரை வீணாக்கக் கூடாது என்று காருக்கு ஊற்றுகிறவர்கள் பலர். அதில் உப்பு இன்னும் செறிந்திருக்கும் என்பதால் தயவுசெய்து அதைத் தவிர்த்துவிடுங்கள். மாறாக, ஏசியிலிருந்து சொட்டும் தண்ணீரில் உப்பு அறவே குறைவு. நம் ஊர்ப் புழுக்கத்தில் ஓர் இரவில் கணிசமாகச் சேரும். துணியில் வடிகட்டிக் கடைசி அலசலுக்கு வைத்துக்கொள்ளலாம்.

படி 2: துரு இருக்கும் இடங்களை முதலில் சரிசெய்தல்

கதவைத் திறந்து அடிவிளிம்பைப் பார்த்தால், தண்ணீர் வடிவதற்கான சிறிய துளைகள் தெரியும். மணலும் உப்பும் சேர்ந்து அவற்றை அடைத்திருந்தால் கதவுக்குள் ஈரம் தங்கி, உள்ளிருந்தே துரு கிளம்பும். ஓர் ஈர்க்குச்சியை விட்டு மெல்லக் குத்தி எடுத்து, நல்ல தண்ணீர் விட்டு அலசுங்கள். கல் பட்டுப் பெயின்ட் உதிர்ந்த புள்ளிகளுக்கு டச்சப் பெயின்ட் வைத்து நன்கு காயவிடுங்கள். துரு தெரியும் இடத்தின் மேல் கோட்டிங் பூசுவதால் எந்தப் பயனும் இல்லை.

படி 3: கழுவுதல்

நிழலில், பானட் கைக்குச் சூடு தெரியாத நேரத்தில் தொடங்க வேண்டும். துணியோ ஸ்பாஞ்சோ படுவதற்கு முன் மணல் முழுவதையும் தண்ணீரின் வேகத்தால் தள்ளிவிடுங்கள். கார் ஷாம்பு ஒரு வாளியிலும், துணியை அலசும் தண்ணீர் இன்னொரு வாளியிலும் இருக்கட்டும். கூரையிலிருந்து கீழ்நோக்கி வந்து, சக்கரங்களைக் கடைசியில் தனித்துணியால் கழுவுங்கள்.

படி 4: ஒட்டியிருப்பதை நீக்குதல்

கழுவிய கார் சுத்தமாகத்தான் தெரியும். மெல்லிய பிளாஸ்டிக் பைக்குள் கையை விட்டு, விரல் நுனியால் பானட்டை லேசாக வருடிப் பாருங்கள். வெறுங்கைக்குத் தெரியாத சொரசொரப்பு பையின் வழியே தெளிவாகத் தெரியும். அவை பெயின்ட்டில் புதைந்த இரும்புத்தூளும் காய்ந்த கறையும். அயர்ன் ரிமூவர் தெளித்தால் இரும்புத்தூள் இருக்கும் இடமெல்லாம் ஊதா நிறமாக வழியும். அது காய்வதற்குள் அலசிவிட வேண்டும். பிறகு ஷாம்பு கலந்த தண்ணீரால் வழவழப்பாக்கி, களிமண் போலப் பிசையக்கூடிய கிளே பாரை அழுத்தாமல் நேர்க்கோட்டில் ஓட்டுங்கள். அது தரையில் விழுந்துவிட்டால் எறிந்துவிடுங்கள். ஒட்டிய ஒரு மணல் பரலே போதும், கார் முழுவதும் கோடு போடுவதற்கு.

படி 5: பாலிஷ்

முடிவு நன்றாக அமைவதும் கெடுவதும் பெரும்பாலும் இங்கேதான். கோட்டிங் எதையும் மறைக்காது. கீழே இருக்கும் கீறலைக் கண்ணாடி போட்டது போல அப்படியே காட்டும். எங்கள் வீட்டின் முந்தைய காரை ஒரு கடையில் விட்டபோது, மூன்று மணி நேரத்தில் வேலையை முடித்துக் கொடுத்துவிட்டார்கள். வெயிலில் நிறுத்தியபோதுதான், சிலந்தி வலை போன்ற பழைய கீறல்கள் எல்லாம் புதுப் பளபளப்புக்கு அடியில் அடைபட்டுக் கிடப்பது தெரிந்தது. கடையில் கொடுப்பவர்கள், பாலிஷ் முடிந்து கோட்டிங் தொடங்குவதற்கு முன் நேரில் போய் டார்ச் அடித்துப் பார்ப்பேன் என்று முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது.

தாமே செய்பவர்கள் டூயல் ஆக்ஷன் வகை பாலிஷ் இயந்திரத்தையும் மென்மையான பாலிஷையும் மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். கதவின் ஓர் ஓரத்தில் சாணளவு இடத்தில் செய்து பார்த்து, பலன் பிடித்த பிறகே மற்ற இடங்களுக்குப் போக வேண்டும். பாலிஷ் கிளியர் கோட்டைத் தேய்த்துத்தான் கீறலைப் போக்குகிறது, தேய்ந்தது திரும்பாது. விளிம்புகளில் பெயின்ட் மெல்லியது என்பதால் அங்கே டேப் ஒட்டிவிடுங்கள். ஆழமான கீறல்களை விட்டுவிடுவதே அறிவுடைமை.

படி 6: எண்ணெய்ப் பசையைத் துடைத்தல்

பாலிஷில் இருக்கும் எண்ணெய் கோட்டிங்கை ஒட்டவிடாது. ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலைச் சம அளவு காய்ச்சிவடித்த நீரோடு கலந்து தெளித்து, புது மைக்ரோஃபைபர் துணியால் துடையுங்கள். அதன்பின் வெறுங்கையால் பரப்பைத் தொடக் கூடாது.

படி 7: பூசுதல்

நம் கரையில் இதற்கு ஏற்ற காலம், மழை ஓய்ந்த ஜனவரி, பிப்ரவரி மாதங்களின் காலை நேரம். வெப்பமும் புழுக்கமும் மிகுந்த நாளில் திரவம் எதிர்பார்ப்பதைவிட விரைவாக இறுகிவிடும். கச்சான் வீசும் நாளில் திறந்த கொட்டகையில் பூசினால், மணலையும் சேர்த்துப் பூசியதாக ஆகும். சுவருள்ள இடம் வேண்டும். அந்த இடத்தின் கதவுகளைச் சிறிது திறந்து காற்றோட்டம் விட்டு, கையுறை அணிந்துகொள்ளுங்கள்.

அப்ளிகேட்டர் துணியில் ஐந்தாறு சொட்டு விட்டு, இரண்டடிக்கு இரண்டடி இடத்தில் முதலில் நெடுக்காகவும் பிறகு குறுக்காகவும் தேய்த்துப் பரப்புங்கள். சற்று நேரத்தில் பரப்பில் வானவில் போன்ற நிறங்கள் ஓடும். புட்டியில் குறித்திருக்கும் நேரத்தோடு இந்த அடையாளத்தையும் பார்த்து, ஒரு துணியால் லேசாகத் துடைத்து, இன்னொரு துணியால் மெருகேற்றுங்கள். உடனே டார்ச்சைச் சாய்வாகப் பிடித்துப் பார்க்க வேண்டும். எண்ணெய் தடவியது போலக் கருமையாக ஒரு திட்டுத் தெரிந்தால், அங்கே திரவம் கூடுதலாகத் தங்கிவிட்டது என்று பொருள். அப்போதே அதன் மேல் ஒரு சொட்டு விட்டுத் துடைத்தால் சரியாகிவிடும்; மறுநாள் பார்த்தால் பாலிஷ் இயந்திரம்தான் வழி. அதனால் ஓர் இடத்தை முழுவதும் சரிபார்த்த பிறகே அடுத்த இடத்துக்குப் போங்கள். பயன்படுத்திய துணிகளில் திரவம் கண்ணாடித் துகள் போல இறுகிவிடும். துவைத்து மறுபடி காருக்கு எடுக்காதீர்கள்.

படி 8: காயவிடுதல்

முதல் 24 மணி நேரம் ஒரு துளி தண்ணீரும், இரவுப் பனியும்கூடப் படக் கூடாது. ஒரு வாரத்துக்கு ஷாம்பு வேண்டாம். கார் கவர் போடுவதையும் அந்த வாரம் தவிர்த்துவிடுங்கள்.

படி 9: பராமரிப்பு

வாரம் ஒருமுறை உப்பை அலசிவிட வேண்டும். தனுஷ்கோடிக்கோ அரிச்சல்முனைக்கோ போய்வந்தால், அன்று மாலையே அடித்தட்டையும் சேர்த்து. வாட்டர் சர்வீஸ் கடைக்குப் போகும்போது, அங்கே என்ன தண்ணீர் என்று கேட்டுவிட்டே வண்டியை விடுங்கள். கழுவியதும் பெரிய மைக்ரோஃபைபர் துணியை விரித்துப் போட்டு, தேய்க்காமல் இழுத்து ஈரத்தை எடுத்துவிட வேண்டும். வெள்ளை வட்டம் தெரிந்தால் அன்றைக்கே வெள்ளை வினிகரைச் சம அளவு நல்ல தண்ணீரில் கலந்து, நிழலில், அந்த இடத்தில் மட்டும் ஒரு நிமிடம் ஈரத்துணியாக வைத்து எடுத்து அலசுங்கள்.

ஓராண்டு கழித்துத் தண்ணீர் முத்தாக நிற்கவில்லை என்றால், கோட்டிங் போய்விட்டது என்று உடனே முடிவு கட்டிவிடாதீர்கள். பெரும்பாலும் மேலே உப்பும் சுண்ணமும் படிந்து, அதை மூடியிருக்கும். பானட்டில் பாதியை மட்டும் மேலே சொன்ன வினிகர் கலவையால் துடைத்து அலசி, இரண்டு பாதியிலும் ஒரு குவளை தண்ணீரை ஊற்றிப் பாருங்கள். துடைத்த பாதியில் மட்டும் தண்ணீர் உருண்டு ஓடினால் கோட்டிங் அடியில் உயிரோடு இருக்கிறது. மீதி காரையும் அதேபோலத் துடைத்தால் போதும், புதுப் புட்டி வாங்க வேண்டியதில்லை.