படிகளுள்ள கட்டையொன்றை முறையாக வரைதல்

கிளிநொச்சியில் தச்சுப் பட்டறைக்குக் கொடுக்கும் படமாயினும், குளத்து நீரைத் திறந்துவிடும் துருசுக் கதவைத் திருத்துவதற்கான படமாயினும், செய்பவர் உங்களிடம் திரும்ப வந்து கேட்காமல் வேலையை முடிக்கும்படி அது இருக்க வேண்டும். ரீ (T) வடிவ மட்டம், இரண்டு மூலைமட்டங்கள், கவராயம், அளவுகோல் ஆகியன போதும். அமைப்புக்கோடுகளை 2எச் பென்சிலால் மெல்லிதாகவும் புறவரையை எச்பி பென்சிலால் அழுத்தமாகவும் வரையுங்கள். வன்னிப் புழுதியில் மூலைமட்டத்தைத் துடைக்காமல் நகர்த்தினால் தாள் முழுவதும் கறைதான்.

வலப்பக்கமாக இறங்கும் இரு படிகளைக் கொண்ட, 600 மி.மீ. நீளமும் 400 மி.மீ. அகலமும் 400 மி.மீ. உயரமும் உள்ள கட்டையை 1:10 அளவுத்திட்டத்தில் எடுத்துக்கொள்வோம். முன்பக்கத் தோற்றத்தை 60 மி.மீ. நீளத்திலும் 40 மி.மீ. உயரத்திலும் வரைந்தபின், முதற்கோண எறியமாயின் (தோற்றங்களைத் தாளில் அடுக்கும் இரு முறைகளில் ஒன்று) அதன் நேர்கீழே கிடைப்படத்தையும் (மேலிருந்து பார்த்த தோற்றம்), இடப்பக்கமிருந்து பார்த்த தோற்றத்தை வலப்புறத்திலும் வையுங்கள். அத்தோற்றத்தில் கீழ்ப்படி மறைந்துவிடுவதால், அதன் விளிம்பை முறிகோட்டால் (விட்டுவிட்டு வரையும் கோடு) காட்ட வேண்டும். மூன்றாங்கோண எறியத்திலோ கிடைப்படம் மேலே செல்லும், இடப்பக்கத் தோற்றம் இடப்புறத்திலேயே நிற்கும். பெரும்பாலானோர் தடுமாறுவது இங்கேதான் என்பதால், எந்த எறியம் என்பதைக் காட்டும் குறியீட்டைத் தாளின் தலைப்புக் கட்டத்தில் இடாமல் படத்தைக் கைமாற்றாதீர்கள்.

கட்டையின் மூன்று பக்கங்களையும் ஒரே படத்தில் காட்டும் சமவளவு எறியம் எளிது: நிலைக்குத்துக் கோடுகள் அப்படியே நிற்க, நீளமும் அகலமும் கிடைக்கோட்டுக்கு 30 பாகையில் செல்லும்.