இரண்டு மணி விழிப்பு

இரவு இரண்டு மணிக்கு விழித்து, மறுநாள் வேலைகளை எண்ணிக்கொண்டு புரள்வது எனக்குப் பழகிவிட்டிருந்தது. முதலில் இரவு உடற்பயிற்சிக் கூடத்துக்குப் போய்ப் பார்த்தேன். வியர்த்து விறுவிறுத்து ஒன்பதரைக்கு வீடு வந்தால் நள்ளிரவு வரை கண் மூடாது. நேரத்தை மாற்றினேன்.

இப்போது காலை ஐந்தரைக்கு பெசன்ட் நகர் கடற்கரை. 1930-இல் கடலில் தத்தளித்தவர்களைக் காப்பாற்றப் போய் உயிரிழந்த டென்மார்க் நாட்டுக்காரரின் நினைவாக எழுப்பப்பட்ட ஷ்மிட் நினைவுச் சின்னம் வரை வேக நடை. பிறகு சூரியன் நன்றாக மேலேறும்வரை மணலில் சும்மா உட்கார்ந்திருப்பேன். கைபேசி வீட்டில்தான். உடலின் கடிகாரத்தைச் சரிசெய்வதில் காலை வெளிச்சத்துக்குப் பங்குண்டு.

முதல் வாரம் கெண்டைக்கால் வலியும் எரிச்சலும்தான் மிச்சம். மூன்றாம் வாரத்தில் இரவு பத்துக்கே கொட்டாவி வந்தது! புயல் எச்சரிக்கை நாட்களில் மட்டும் மொட்டை மாடியில் நடக்கிறேன். பக்கத்து வீட்டு நாய்க்கு அது பிடிக்கவில்லை.