கிளை நூலகத்துக்கு ஒரு மாத நிகழ்ச்சித் தாள்: தயாரிப்பதும் நடத்துவதும்

சேலம் அம்மாபேட்டைப் பக்கம் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். எங்கள் கிளை நூலகத்தின் வாசகர் வட்டத்துக்கு நான்தான் செயலாளர். மாதா மாதம் நூலக நிகழ்ச்சிகளை ஒரே தாளில் அச்சிட்டு ஒட்டுவதும், அதில் போட்டது போட்டபடி நடக்கிறதா என்று பார்ப்பதும் என் வேலை. "எங்க ஏரியாவுலயும் இப்படிச் செய்யணும்க்கா, எங்கிருந்து ஆரம்பிக்கிறது?" என்று கடைக்கு வருபவர்கள் கேட்கிறார்கள். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் நூலகரிடம் உட்கார்ந்து பேசுங்கள். பல கிளை நூலகங்களில் அவர் ஒருவர்தான் எல்லாம். புத்தகம் கொடுப்பது, திரும்ப வாங்குவது, பதிவேடு எழுதுவது, நாளிதழ் அடுக்குவது அத்தனையும் அவர் தலையில். நாம் கொண்டுபோகும் நிகழ்ச்சி அவருக்கு இன்னொரு சுமையாகிவிடக் கூடாது. நாற்காலி போடுவது, கூட்டிப் பெருக்குவது, வருபவர் பெயரை எழுதுவது எல்லாம் வாசகர் வட்டம் பார்த்துக்கொள்ளும் என்று சொல்லுங்கள். சொன்னபடி செய்யுங்கள். யார் பேசுகிறார், என்ன தலைப்பு, எவ்வளவு நேரம் என்பதை இரண்டு வாரம் முன்னதாகக் கடிதமாகவே எழுதிக் கொடுத்துவிட்டால், மாவட்ட நூலக அலுவலரிடம் கேட்க வேண்டியதிருந்தாலும் அவருக்கு எளிது. கட்சி, மதம், வியாபாரம் மூன்றும் வேண்டாம். சேமிப்பைப் பற்றிப் பேசுகிறேன் என்று வருகிறவர் கடைசியில் பாலிசி படிவத்தை நீட்டினால், அடுத்த மாதம் கூட்டத்துக்கு ஆள் வராது.

அடுத்தது நேரம். இதில்தான் நான் அதிகம் யோசிப்பேன். பேச்சாளருக்கு வசதியான நேரத்தைப் பிடித்துவிட்டுப் பிறகு ஆள் தேடுவது வேலைக்கு ஆகாது. தெருவுக்கு எப்போது ஓய்வு என்று பார்த்துத்தான் நேரம் குறிக்க வேண்டும். எங்கள் பகுதியில் தறி வீடுகள் நிறைய. சனிக்கிழமை மாலை கூலி வாங்கிக்கொண்டு கடைவீதிக்குப் போகும் நேரம். அன்று யாரும் வர மாட்டார்கள். ஞாயிறு காலை பத்தரை மணிக்குப் பிள்ளைகள் வருவார்கள், அவர்களை விட வரும் அம்மாக்கள் சமையலுக்குத் திரும்ப வேண்டும். ஞாயிறு மாலை ஐந்து மணி ஆண்களுக்கும் வயதானவர்களுக்கும் தோது. அமாவாசைக்குத் தறியை நிறுத்தும் வீடுகள் இன்னும் இருக்கின்றன, அந்த நாளையும் நான் குறித்து வைத்துக்கொள்கிறேன். செவ்வாய்ப்பேட்டை, பனங்காடு பக்கம் கொலுசுப் பட்டறைகள் இருக்கும் இடமென்றால் தீபாவளிக்கும் பொங்கலுக்கும் முன்னால் ராத்திரி வரை வேலை நடக்கும். அந்த வாரங்களைத் தொடவே தொடாதீர்கள். கிளை நூலகங்களுக்குப் பெரும்பாலும் வெள்ளிக்கிழமை வார விடுமுறை. உங்கள் நூலக வாசலில் உள்ள பலகையைப் பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள்.

நேரம் முடிவானதும் அதை மாற்றாதீர்கள். முதல் ஞாயிறு கதை நேரம் என்றால் எல்லா மாதமும் முதல் ஞாயிறுதான். பெரிய பேச்சாளர் இரண்டாம் ஞாயிறுதான் வர முடியும் என்றால், அவரை வேறு நிகழ்ச்சிக்கு வைத்துக்கொள்ளலாம். பூக்கட்டும் அம்மாவும் தறிக்கு நூல் தார் சுற்றும் ஆயாவும் நாட்காட்டியைப் பார்த்து வருவதில்லை. "முதல் ஞாயிறுன்னா நூலகம்" என்று பழகித்தான் வருகிறார்கள்.

இனி நிகழ்ச்சிகள். நான்கு வகை நிகழ்ச்சிகள் போதும், தொடங்கும்போது இரண்டே போதும்.

கதை நேரம்தான் எளிது, பலனும் உடனே தெரியும். ஐந்து முதல் பத்து வயதுப் பிள்ளைகள், பாய் விரித்துத் தரையில் உட்கார வையுங்கள். மைக் வேண்டாம். முப்பது நாற்பது நிமிடத்துக்கு மேல் போக வேண்டாம். கதை சொல்பவர் நூலகத்தில் உள்ள புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு, படத்தைக் காட்டிச் சொல்ல வேண்டும். பிள்ளைகள் கேட்ட கதை எந்த அலமாரியில் இருக்கிறது என்று அவர்களுக்குத் தெரிந்தால்தான் மறுபடி வருவார்கள். எங்கள் தெருக்களில் வீட்டுக்குள் சௌராஷ்டிரமும் தெலுங்கும் கன்னடமும் பேசுகிற பிள்ளைகள் இருக்கிறார்கள். ஒரே கதையைத் தமிழில் சொல்லிவிட்டு, யாராவது ஒரு பாட்டியைக் கூப்பிட்டு அவர் வீட்டு மொழியில் சொல்லச் சொன்னால், அந்தப் பிள்ளையின் முகத்தைப் பார்க்க வேண்டும்! முடிந்ததும் ஒவ்வொரு பிள்ளையும் ஒரு புத்தகம் எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போக வேண்டும். இதற்காக உறுப்பினர் படிவங்களை முன்கூட்டியே வாங்கி மேசையில் வைத்திருங்கள். முகவரிச் சான்று நகல் இல்லை என்று திரும்பிப் போகிறவர்களை விடாதீர்கள். பக்கத்து ஜெராக்ஸ் கடைக்காரரிடம் சொல்லி வைத்தால் அன்று மட்டும் இலவசமாக எடுத்துத் தருவார். நான் தருகிறேன்.

சிலர் தயங்கி வாசலிலேயே நிற்பார்கள். "நாங்கெல்லாம் உள்ளே வரலாமா மேடம்?" என்று கேட்பார்கள். அவர்களிடம் வீட்டு வரி ரசீதை எடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். அதில் நூலக வரி என்று தனியாக ஒரு தொகை இருக்கும். 1948 இல் வந்த பொது நூலகச் சட்டத்தின்படி வீட்டு வரியோடு வசூலாகும் பணம் அது. இப்போது வரியில் ரூபாய்க்குப் பத்து காசு. வாடகை வீட்டில் இருப்பவரும் வாடகை வழியாக அதைக் கட்டிக்கொண்டுதான் இருக்கிறார். இந்த நூலகம் உங்கள் காசில் நடக்கிறது என்று சொன்னால் நிமிர்ந்து உள்ளே வருகிறார்கள்.

இரண்டாவது நிகழ்ச்சி, போட்டித் தேர்வுக்குப் படிப்பவர்களுக்கு மாதிரித் தேர்வு. காலையிலிருந்து நூலகத்தில் இருப்பவர்கள் பெரும்பாலும் இவர்கள்தான். அரசு வேலைக்கான டிஎன்பிஎஸ்சி குரூப் 4 என்றால் 200 கேள்வி, 300 மதிப்பெண், மூன்று மணி நேரம். அதில் 100 கேள்வி தமிழ். உண்மைத் தேர்வு காலை ஒன்பதரைக்குத் தொடங்கிப் பன்னிரண்டரைக்கு முடிவதால், மாதிரித் தேர்வையும் அதே நேரத்தில் வையுங்கள். பசி, தூக்கம், கழிப்பறை எல்லாவற்றுக்கும் உடம்பு அப்போதுதான் பழகும். ஓஎம்ஆர் தாளை நகல் எடுத்துக் கொடுத்து, கறுப்புப் பந்துமுனைப் பேனாவால் வட்டத்தை நிரப்பச் சொல்லுங்கள். வீட்டில் விடையை டிக் அடித்துப் படித்தவர்களுக்கு 200 வட்டம் நிரப்ப எவ்வளவு நேரம் ஆகும் என்பது அன்றுதான் தெரியும். கதை நேரத்தையும் இதையும் ஒரே நாளில் வைக்காதீர்கள், இரண்டுமே கெடும்.

மூன்றாவது, வாசகர் வட்டக் கூட்டம். ஒருவர் ஒரு புத்தகத்தைப் பற்றிப் பதினைந்து நிமிடம் பேசுவார், பிறகு எல்லோரும் பேசலாம். பேசுகிறவர் எழுத்தாளராக இருக்கத் தேவையில்லை. பால்காரரும் ஆசிரியையும் மாறி மாறிப் பேசினால்தான் அது வாசகர் வட்டம். பொன்னாடை, நினைவுப் பரிசு வேண்டாம் என்பது என் கருத்து. அந்தப் பணத்தைச் சேர்த்து யாராவது ஒருவரை நூலகப் புரவலராக்குங்கள். 1000 ரூபாய்தான், அவர் பெயர் நூலகப் பலகையில் ஏறும்.

நான்காவதுதான் எனக்கு மிகவும் பிடித்தது. அதைத் 'தெருவின் கதை' என்று தாளில் போடுகிறோம். மூன்று மாதத்துக்கு ஒருமுறை வைத்தால் போதும். பெரியவர்களை அவர்கள் வீட்டுப் பழைய புகைப்படம், திருமணப் பத்திரிகை, கடை ரசீது, தறியில் சேலை டிசைனுக்குப் போடும் துளையிட்ட ஜக்கார்டு அட்டை என்று எது இருக்கிறதோ எடுத்துவரச் சொல்லுங்கள். வெறுமனே "உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்" என்றால் பேச்சு வராது. எல்லோருக்கும் தெரிந்த ஒரு செய்தியில் தொடங்க வேண்டும். ஏற்காடு சாலையில் 1935 இல் டி. ஆர். சுந்தரம் தொடங்கிய மாடர்ன் தியேட்டர்ஸ் சினிமா ஸ்டுடியோ என்று ஒருமுறை எடுத்தோம். அங்கே ஷூட்டிங் பார்க்கச் சைக்கிளில் போனது, கூட்டத்தில் நிற்க ஆள் எடுத்தது, மதியச் சாப்பாடு போட்டது என்று நிறுத்த முடியாமல் பேசினார்கள். ராஜாஜி 1917 முதல் 1919 வரை சேலம் நகராட்சித் தலைவராக இருந்தார் என்று தொடங்கினால், குழாய்த் தண்ணீர் எப்போது வந்தது, திருமணிமுத்தாற்றில் எதுவரை துணி துவைத்தார்கள் என்று பேச்சு போகும். ஏற்காட்டிலோ மலையடிவாரத்திலோ இருப்பவர்கள் நிலவியலாளர் ராபர்ட் புரூஸ் ஃபூட்டிலிருந்து தொடங்கலாம். 1863 இல் பல்லாவரத்தில் பழங்கற்காலக் கருவியைக் கண்டெடுத்த அவர், கடைசிக் காலத்தில் ஏற்காட்டில்தான் வாழ்ந்தார்.

புகைப்படங்களைக் கையாளும்போது கவனம் வேண்டும். என் தொழில் என்பதால் இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். மூலப்படத்தை ஒருபோதும் நூலகத்தில் வாங்கி வைத்துக்கொள்ளாதீர்கள். அங்கேயே நகல் எடுத்து, அவர் கண் முன்னால் அவர் கையில் கொடுத்துவிடுங்கள். சட்டம் போட்ட படம் கண்ணாடியோடு ஒட்டியிருந்தால் பிரிக்கக் கூடாது, முகம் உரிந்துவிடும். நிழலில் வைத்து, வெளிச்சம் பக்கவாட்டில் விழும்படி, கண்ணாடியோடு சேர்த்தே மொபைலில் படம் எடுங்கள். தனியாக இருக்கும் படத்தை ஸ்கேன் செய்வதென்றால் 300 டிபிஐ போதும். சின்னப் படமென்றால் 600 வையுங்கள். பேனாவால் பின்பக்கம் எழுதாதீர்கள். யார், எந்த இடம், ஏறக்குறைய எந்த வருடம் என்பதைத் தனித் தாளில் எழுதி, அதே எண்ணை நகலுக்கும் போடுங்கள். அந்தத் தாள்களை நூல் கோத்து ஒரு கட்டாக நூலகத்தில் வைத்தால், பள்ளிப் பிள்ளைகள் செயல்திட்டம் எழுத வரும்போது எடுத்துப் பார்ப்பார்கள். வெளியில் காட்டச் சம்மதமா என்று குடும்பத்திடம் கேட்டு, அதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

சிற்றுண்டிக்குச் சுண்டல் அல்லது பொரிகடலை. சேலத்தில் தட்டுவடை செட்டை விட்டால் எப்படி என்று கேட்பார்கள். சட்னி புத்தகத்தில் பட்டால் கறை போகாது, அதை வெளியே போய்ச் சாப்பிட்டுக்கொள்ளட்டும்.

சரி, தாள். ஏ4 ஒரு பக்கம், வெள்ளைத் தாளில் கறுப்பு மை. நிகழ்ச்சியின் பெயரைவிட நாளும் மணியும் பெரிய எழுத்தில் இருக்க வேண்டும், நாலடி தள்ளி நின்றாலும் படிக்கிற மாதிரி. ஒவ்வொரு நிகழ்ச்சிக்கும் யாருக்கு, எத்தனை மணிக்கு முடியும் என்ற இரண்டையும் கட்டாயம் போடுங்கள். முடியும் நேரம் தெரிந்தால்தான் பெண்கள் துணிந்து வருவார்கள். 'முதல் ஞாயிறு, காலை 10.30 முதல் 11.15 வரை, கதை நேரம், 5 முதல் 10 வயது, கட்டணம் இல்லை' என்ற அளவில் ஒரு நிகழ்ச்சிக்கு ஒரு வரி. சிறப்பு விருந்தினர் பட்டியலும் வாழ்த்துரை, நன்றியுரை வரிசையும் அதில் வேண்டாம். மாதம் பிறக்கும் முன்பே ஒட்டிவிட வேண்டும். ரேஷன் கடை, பால் பூத், டீக்கடை, கோயில் வாசல், மாவு மில், பள்ளிக்கூட வாசலில் பேனா விற்கும் கடை. ஃபிளெக்ஸ் வேண்டாம், காசும் போகும், அடுத்த மாதத்துக்கும் உதவாது. வாட்ஸ்அப்பில் மூன்று நாளுக்கு முன் ஒரு செய்தி, அன்று காலை ஒன்று, அதற்கு மேல் அனுப்பினால் யாரும் படிப்பதில்லை.

ஆண்டு முழுவதையும் ஒருமுறை பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். மார்ச்சில் பொதுத் தேர்வு, பிள்ளைகளுக்கு எதுவும் வைக்காதீர்கள். படிக்க இடம் மட்டும் விட்டால் போதும். ஏப்ரல் 23 உலகப் புத்தக நாள். மே மாதம் விடுமுறை, வெயிலுக்கு முன் காலையிலேயே வாரம் ஒரு நாள் ஓவியமோ காகித வேலையோ வைக்கலாம். ஆடி மாதத்தில் சேலமே கோட்டை மாரியம்மன் பண்டிகையில் இருக்கும். தெருவுக்குத் தெரு கூழ் ஊற்றுவார்கள், குகை என்ற பகுதியில் வண்டி வேடிக்கை என்னும் அலங்கார வண்டி ஊர்வலம் நடக்கும். அந்த வாரங்களில் நூலகத்துக்கு ஆள் கூப்பிட வேண்டாம். ஆகஸ்ட் 12, நூலகவியலின் தந்தை எஸ். ஆர். ரங்கநாதன் பிறந்தநாள், நூலகர் நாளாகக் கொண்டாடுகிறோம். அன்று நூலகருக்கு நன்றி சொல்ல வாசகர்களே கூடுவது நல்லது. நவம்பர் 14 முதல் 20 வரை தேசிய நூலக வார விழா. இதற்குச் செப்டம்பரிலேயே திட்டம் போட வேண்டும், எல்லா நூலகங்களும் ஒரே வாரத்தில் பேச்சாளர் தேடும். குளிர்காலத்தில் ஒரு விடியற்காலை கன்னங்குறிச்சி மூக்கனேரிக்குப் பறவை பார்க்கக் கூட்டிப் போகலாம். நூலகத்தில் உள்ள பறவைப் புத்தகத்தை எடுத்துப் போங்கள்.

வர முடியாதவர்களையும் மறக்காதீர்கள். வீட்டோடு இருக்கும் முதியவர்கள், மாற்றுத்திறனாளிகள், கர்ப்பிணிப் பெண்களுக்குப் புத்தகத்தை வீட்டுக்கே கொண்டுபோய்க் கொடுக்க 'நூலக நண்பர்கள்' என்ற அரசுத் திட்டம் இருக்கிறது. உங்கள் நூலகத்தில் தன்னார்வலராகச் சேர முடியுமா என்று கேளுங்கள். கல்லூரிப் பிள்ளைகள் ஆர்வமாகச் செய்வார்கள்.

நிகழ்ச்சி முடிந்த அன்றே மூன்று வேலைகளை முடித்துவிடுங்கள். வந்தவர் கையெழுத்துப் போட்ட பதிவேடு, இரண்டு புகைப்படம், அரைப்பக்கக் குறிப்பு. மூன்றையும் நூலகரிடம் கொடுத்தால் மேலிடத்துக்கு அனுப்ப அவருக்கு வசதி. பதிவேட்டில் பெயர், தெரு என்ற கட்டங்களோடு இன்னும் இரண்டு கட்டம் போடுங்கள். ஒன்று, 'இன்று எடுத்த புத்தகம்'. அது காலியாக இருந்தால் அடுத்த முறை நிகழ்ச்சிக்குப் பொருத்தமான புத்தகங்களை அலமாரியிலிருந்து எடுத்து மேசைமேல் பரப்பி வையுங்கள். இன்னொன்று, 'அடுத்து என்ன வேண்டும்'. போன மாதம் அதில் ஒரு பெண், பட்டறை முடிந்து வருபவர்களுக்கு இரவு ஏழு மணிக்கு மேல் ஏதாவது வையுங்கள் என்று எழுதியிருந்தார். நூலகத்தை அந்த நேரத்தில் திறந்து வைக்க அனுமதி கேட்டுக் கடிதம் கொடுத்திருக்கிறோம். கிடைக்கும் வரை, புத்தகப் பையோடு பட்டறை வாசலுக்கே போவதாக முடிவு செய்து, அதையும் வரும் மாதத் தாளில் நாள் மணியோடு போட்டுவிட்டோம்.